மச்சானோட தராசு மேல என் காரு

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரை எடை போடணும்.

அவ்வளவுதான். சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சு வந்து, நாலு இட்லிய உள்ள தள்ளிட்டு ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிரலாம்னு நெனச்சேன்.

முதல்ல என்னையப் பத்திச் சொல்லிர்றேன். தங்கச்சிமடத்துல ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாக்குறவன் நான். வீட்டுல ஒரு பழைய சின்ன கார் இருக்கு. வெளிய இருந்து பாத்தா டியூசன் டீச்சர் வச்சிருக்குற கார் மாதிரி இருக்கும். ஆனா உள்ள இன்ஜின்ல இருந்து ஸ்டியரிங் வரைக்கும் அத்தனையும் மாத்தியிருக்கேன். பாரம் குறையணும்னு பின் சீட்டைக் கழட்டிட்டேன். வருசத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்குல நம்மள மாதிரி ஆளுங்களையும் ஓட்ட விடுவாங்க. ராத்திரியெல்லாம் முழிச்சு அவ்வளவு தூரம் போவேன். ஓட்டுவேன். கடைசியில இருந்து மூணாவதா வருவேன்.

எனக்கு அதுல ஒரு சந்தோசம். என் பொண்டாட்டி ஜெசிக்கு இதுல எந்தச் சந்தோசமும் இல்ல. "பின் சீட்டு இல்லாததுனால அரிசி மூட்டை வைக்க மட்டும் இந்தக் காரு நல்லாருக்கு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா.

இந்தத் தடவை புதுசா ஒரு சஸ்பென்ஷன் வாங்கி மாட்டியிருந்தேன். நாலு சக்கரத்துலயும் ஸ்பிரிங்கைத் திருகி உயரத்தை ஏத்தலாம், எறக்கலாம். மாட்டுனதுல இருந்து பிரேக் அடிச்சா கார் வலது பக்கமா இழுக்குது. அடுத்த மாசம் டிராக்குக்குப் போகணும். வீடியோ வீடியோவா பாத்தேன். எல்லாத்துலயும் ஒரே வைத்தியந்தான் சொன்னாங்க. கார்னர் வெயிட்டிங்!

பேருதான் பெருசு. நாலு சக்கரத்துக்கு அடியிலயும் நாலு தராசு வச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு பாரம் எறங்குதுன்னு பாக்கணும். டீக்கடையில மேசை ஆடுனா ஒரு காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வைக்கிறோம்ல, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். ஒரு மூலைய ஒசத்துனா அதுக்குக் குறுக்க இருக்குற மூலையிலயும் பாரம் கூடும். இந்தக் குறுக்கும் அந்தக் குறுக்கும் சமமா வர்ற வரைக்கும் திருகிக்கிட்டே இருக்கணும்.

அதுக்குன்னே தராசு செட்டு விக்கிறாங்க. விலையைப் பாத்துட்டு போனைக் கவுத்து வச்சிட்டேன்.

அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சுச்சு. எங்க ஊர்ல தராசுக்கா பஞ்சம்? என் மச்சானே நண்டு கம்பெனிக்காரராச்சே!

மச்சான்னா ஜெசியோட அண்ணன், ஆரோக்கியம். கடற்கரையில கொட்டகை போட்டு, வள்ளத்துல வர்ற நண்டை எடை போட்டு வாங்கி வெளியூருக்கு ஏத்தி விடுறவரு. கொட்டகையில நாலு டிஜிட்டல் தராசு இருக்கு. தரையில அகலமா ஒரு இரும்புப் பலகை, ஓரத்துல ஒரு கம்பி, கம்பி உச்சியில செவப்பா நம்பர். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போறதில்ல. அன்னிக்கு நாலு தராசும் சும்மாதான் கெடக்கும்.

பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே மச்சானைப் புடிச்சேன். ராமநாதபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறதுக்காகப் பட்டு வேட்டியில நின்னாரு.

"மச்சான், தராசு கொஞ்சம் வேணும். சாயந்திரம் குடுத்துர்றேன்."

"எடுத்துக்க மாப்ள. எத்தன?"

"நாலும்."

"நாலுமா? அப்பிடி என்னத்தப் போடப் போற?"

"கொஞ்சம் இரும்பு மச்சான்."

பொய்யில்ல. கார் இரும்புலதான் செய்றாங்க.

"பழைய ஏசியெல்லாம் கழிச்சுக் கட்டப் போறியா? ஜெசி கேட்டா சந்தோசப்படும்"னு கொட்டகைச் சாவிய எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு எட்டு வச்சவரு திரும்பி வந்தாரு. "மாப்ள, நாளைக்கு விடியக்காலம் வள்ளமெல்லாம் கரைக்கு வந்துரும். அதுக்குள்ள தராசு அங்கன இருக்கணும். பத்திரம்யா. அதுலதான் என் பொழப்பே இருக்கு."

அவர் சொன்னது சும்மா பேச்சில்ல. எங்க கரையில நண்டு வாங்குறவரு நல்லவரா கெட்டவரான்னு யாரும் பாக்குறதில்ல. அவரு தராசு நல்ல தராசான்னுதான் பாப்பாங்க. கூடைக்கு ஒரு கழிவு, தண்ணிக்கு ஒரு கழிவுன்னு தினமும் அங்க சண்டை நடக்கும். ஆனா ஆரோக்கியம் தராசு சரியா காட்டும்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரை நம்பித்தான் கூடை வருது. பக்கத்துக் கொட்டகைக்காரரு அந்தப் பேரு எப்ப கெடும்னு காத்துக்கிட்டே இருக்காரு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நாலு தராசையும் லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தேன்.

தராசு வந்து எறங்குறதுக்கு முன்னாடியே அதோட வாசனை வந்து எறங்கிருச்சு. பின்னாடியே தெருவுல உள்ள பூனையெல்லாம் வந்துருச்சு. வந்து வரிசையா மதில் மேல உக்காந்து, என்ன கெடைக்கப் போகுதுன்னு என்னையே பாத்துச்சு.

ஜெசி வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்துனா. "எங்கண்ணன் கொட்டகை தராசு அம்புட்டும் இங்கன என்ன பண்ணுது?"

சொன்னேன்.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"இரும்பு எடை போடன்னு சொல்லியிருக்கேன்."

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. கல்யாணமான ஆம்பளைங்களுக்கு அந்தப் பார்வையைப் பத்தி விளக்கம் தேவையில்ல.

அடுத்த பிரச்சினை தரை. இந்த வேலைக்கு நாலு தராசும் ஒரே மட்டத்துல இருக்கணும். எங்க வீட்டு முன்னாடி சிமெண்டுத் தளம், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். டியூப் லெவல் புடிச்சுப் பாத்தா, ஒரு பக்கம் நல்லா எறங்கியிருக்கு. மழைத் தண்ணி ஓடுறதுக்குக் கொத்தனார் வாட்டம் விட்டிருக்காரு. அவரைத் திட்டலாம்னு வாயைத் தொறந்தேன். வீடு கட்டும்போது "வாட்டம் நல்லா விடுங்க, வாட்டம் நல்லா விடுங்க"ன்னு அந்த மனுசன் உயிரை எடுத்தது நான்தான்னு ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

மாடியில மிச்சம் இருந்த பாத்ரூம் டைல்ஸை எடுத்துட்டு வந்து, பள்ளமா இருந்த பக்கம் தராசுக்கு அடியில அடுக்குனேன்.

"அது ஒடஞ்சா மாத்துறதுக்கு வச்சிருக்கேங்க!"

"ஒடையாதுடி."

ஒடஞ்சுச்சு. ரெண்டு டைல்ஸ் போச்சு. வேற ரெண்டு வச்சேன்.

ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமா தூக்கி, அடியில தராசைத் தள்ளி, மெதுவா எறக்குனேன். நாலு செவப்பு நம்பரும் எரிஞ்சுச்சு. பாம்பன் பக்கத்துக் காத்து உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை காத்து அடிக்கிறப்பவும் நம்பர் ஏறி எறங்குச்சு. இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கல. நெஞ்சை நிமுத்திக்கிட்டு நாலு நம்பரையும் போட்டோ எடுத்தேன்.

இப்ப டிரைவர் ஏறணும். ஓட்டும்போது எப்படி இருப்போமோ அப்படியே உக்காந்தாதான் எடை சரியா வரும்னு வீடியோவுல சொல்லியிருந்தாங்க. அதனால ரேஸ் ஷூ போட்டேன். ஹெல்மெட்டை மாட்டுனேன். பெல்ட்டை இறுக்குனேன். மொட்டை வெயில்ல, வீட்டு வாசல்ல, ஓடாத கார்ல, ஸ்டியரிங்கை ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"ஜெசி, நாலு நம்பரையும் வாசி!"

அவ சுத்தி வந்து ஒவ்வொண்ணா வாசிச்சு, போன்ல கூட்டி, நான் ஏறுறதுக்கு முன்னாடி இருந்த நம்பரோட ஒப்பிட்டுப் பாத்தா.

"ஏங்க, உங்க எடை எம்புட்டுன்னு சொன்னீக?"

"எண்பத்திரெண்டு."

"நீங்க ஏறுனதுக்கப்புறம் தொண்ணூத்தஞ்சு கிலோ கூடியிருக்கு."

"ஹெல்மெட் இருக்குல்ல."

"ஹெல்மெட்டு பதிமூணு கிலோவா?"

நான் பேச்சை மாத்துனேன். "வலது முன்னாடி எவ்வளவு?"

"இரநூத்தித் தொண்ணூத்தெட்டு."

ஒவ்வொரு தராசுலயும் அதிகபட்சம் முந்நூறு கிலோன்னு எழுதியிருந்துச்சு. நான் கவனிக்காம இல்ல. நல்லாக் கவனிச்சேன். இன்னும் ரெண்டு கிலோ மிச்சம் இருக்கேன்னு நெனச்சேன்.

அந்த நேரம் பாத்து ஒரு காத்து அடிச்சுச்சு.

கீ! கீ! கீ! கீ!

தராசு கத்த ஆரம்பிச்சுருச்சு. பாரம் தாங்கலைன்னா அது அப்படித்தான் கத்தும். எங்க ஊர்ல பொறந்த குழந்தைக்குக் கூட அது என்ன சத்தம்னு தெரியும். ஞாயித்துக்கிழமை, நண்டே இல்லாத நாள்ல, அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெருவே திரும்பிப் பாத்துச்சு.

முதல்ல வந்தது எதுத்த வீட்டு பிலோமி அக்கா. அவங்க வீட்டுக்காரரும் ரெண்டு மகன்களும் நண்டு வலை விடுறவங்க. வலையில புடிக்கிறது அவங்க, கரையில எடை போடும்போது நம்பரைப் பாக்குறது அக்கா. பூசைக்குக் கட்டுன பட்டுச்சேலையை இன்னும் மாத்தாம வந்து நின்னாங்க.

"என்ன ஜெசி, ஞாயித்துக்கிழமையும் நண்டு எடுக்குறீகளா?"

"இல்லக்கா, காரை எடை போடுறாக."

"யாருக்கு விக்கிறீக?"

"விக்கலக்கா."

"விக்காத பொருள எதுக்கும்மா எடை போடணும்?"

ஜெசி "அவுககிட்டயே கேளுங்கக்கா"ன்னு என் பக்கம் கையைக் காட்டுனா.

அக்கா குனிஞ்சு பாத்தாங்க. "இது ஆரோக்கியம் தராசுல்ல?" சுத்தி வந்து பாத்தாங்க. "நாலும் இங்கனயா கெடக்கு?" கடைசியா என்னையப் பாத்தாங்க. நான் ஹெல்மெட்டுக்குள்ள இருந்துக்கிட்டு மரியாதையா கையை ஆட்டுனேன். ஆட்டியிருக்கக் கூடாது.

"அதான பாத்தேன்!" அக்கா குரல் பாம்பன் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏடி எல்லாரும் வாங்கடி! தராசு மேல காரை ஏத்தி அமுக்குறாக! இப்பிடி அமுக்கி அமுக்கித்தான் நம்ம நண்டு எடை கொறையுது!"

மத்த நாள்னா தெருவுல பாதிப் பேரு கடல்ல இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை முழுத் தெருவும் வீட்டுல இருக்கு. அவ்வளவு பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கிட்டு, என்ன செய்றதுன்னு தெரியாம இருக்காங்க. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள காரைச் சுத்திக் கூட்டம்.

"பாரத்த ஏத்தி ஏத்தி வச்சா தராசு மரத்துப் போகும்யா. அப்புறம் நண்ட வச்சா அதுக்கு ஒறைக்காது"ன்னு ஒருத்தரு மத்தவங்களுக்கு விளக்கம் சொன்னாரு.

"சரி, ஹெல்மெட்டு எதுக்கு?"

"கேமராவுல மூஞ்சி தெரியக் கூடாதுன்னுதான். வெவரமாத்தான் பண்றாக."

என் சொந்த வீட்டு வாசல்ல, என் சொந்த கார்ல, என் மூஞ்சியை நான் ஏன் மறைக்கணும்? இதை யாரும் யோசிக்கல. நான் ஹெல்மெட்டைக் கழட்டாம சன்னல் வழியா தலையை நீட்டி விளக்க ஆரம்பிச்சேன். அதுதான் அன்னிக்கு நான் செஞ்சதுலயே பெரிய முட்டாள்தனம்.

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்லக்கா! தராசுல நான் கையே வைக்கல. ஒரு ஸ்பிரிங் இருக்கு. அதை நான் இங்கன லேசாத் திருகுனா அங்கன நம்பர் மாறும். அவ்வளவுதான்!"

"கேட்டீகளா?" பிலோமி அக்கா ரெண்டு கையையும் விரிச்சாங்க. "அவுக வாயாலயே சொல்லிட்டாக!"

அந்த மாறுற நம்பரைப் பாக்கணும்னு எல்லாரும் முன்னாடி நெருக்குனாங்க. ரெண்டு பேரு பானெட் மேல சாஞ்சாங்க. ஒருத்தரு வலது பக்கம் வந்து கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு. பிலோமி அக்கா முன் சக்கரத்துக்கு மேல கையை ஊனி எட்டிப் பாத்தாங்க. இத்தனைக்கும் நடுவுல ஜெசி மட்டும் நான் சொன்ன வேலையை விடாம செஞ்சுக்கிட்டிருந்தா.

"வலது முன்னாடி முந்நூத்திப் பத்து… முந்நூத்தி இருபத்தஞ்சு… முந்நூத்தி நாப்பது… ஏங்க, இப்ப கோடு கோடா வருதுங்க!"

கீ! கீ! கீ! அப்புறம் ஒரு "டொக்". அதுக்கப்புறம் தராசு கத்துறதை நிறுத்திருச்சு.

நான் பெல்ட்டை அவுத்துக்கிட்டு எறங்குனேன். கால் தரையில படுறதுக்குள்ள போன் அடிச்சுச்சு. மச்சான்.

"மாப்ள, பந்தியில உக்காந்திருக்கேன். இன்னும் எலையில சோறு வைக்கல, அதுக்குள்ள ஊருல பாதிப் பேரு போன் பண்ணிட்டாக. என் தராசு மேல காரை ஏத்தியிருக்கியாமே?"

"ஆமா மச்சான்."

"இரும்புன்னு சொன்ன?"

"காரும் இரும்புதான மச்சான்."

அப்புறம் அவர் பேசுன பேச்சுல கோபமே இல்ல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

"நாளைக்கு ஒரு கூடை நண்டு என் கொட்டகைக்கு வராது மாப்ள. அம்புட்டும் பக்கத்துக் கொட்டகைக்குத்தான் போகும். ஒருக்கா தராசு மேல சந்தேகம் வந்துச்சுன்னா அப்புறம் யாரு காலுல விழுந்தாலும் திரும்பி வர மாட்டாக. இரு, வாரேன்."

போனை வச்சிட்டாரு. ஜெசி பக்கத்துல வந்து, மத்தவங்களுக்குக் கேக்காம, "எங்கண்ணன் பொழப்புல மண்ணப் போட்டுட்டீகளே"ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

மச்சான் வர்றதுக்குள்ள தராசு சரியா இருக்குன்னு காட்டிரணும். வேற வழியில்ல. காரை ஜாக்கி போட்டு எறக்குனேன். நான் தராசு பக்கத்துல போகாம ரெண்டு பேரு காவலுக்கு நின்னாங்க. நாலையும் அவங்களே இழுத்து வரிசையா வச்சாங்க.

"தெரிஞ்ச எடை ஏதாவது வச்சுப் பாருங்க. சரியா காட்டலைன்னா என்னைய என்ன வேணா பண்ணுங்க"ன்னேன்.

ஜெசி வீட்டுக்குள்ள இருந்து பிரிக்காத அரிசி மூட்டையைக் கொண்டு வந்தா. இருபத்தஞ்சு கிலோன்னு மேலயே போட்டிருக்கு.

"மூட்டையில போட்டிருக்கறத நம்ப முடியுமா? கடைக்காரன் மட்டும் யோக்கியனா?"

சரின்னு கேஸ் சிலிண்டரை உருட்டிட்டு வந்தேன்.

"அதுல காத்து எம்புட்டு அடைச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

யோசிச்சுப் பாருங்க. ஒரு தெரு முழுக்கத் தேடியும், எல்லாரும் ஒத்துக்கிற எடையில ஒரே ஒரு பொருள் கூட இல்ல. எங்க ஊர்ல இவ்வளவு சந்தேகம் இருக்குன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

கடைசியில பிலோமி அக்காவே முன்னாடி வந்தாங்க. "நான் ஏறுறேன். போன வாரந்தான் ஆசுபத்திரியில எடை போட்டாக. அறுபத்தெட்டு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

அக்கா சொன்ன எடையை மறுத்துப் பேச அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுக்கும் தைரியம் இல்ல. சோதனைப் பொருள் முடிவாச்சு.

முதல் தராசு. அறுபத்தெட்டு.

ரெண்டாவது. அறுபத்தெட்டு.

மூணாவது. அறுபத்தெட்டு. கூட்டம் லேசா முனக ஆரம்பிச்சுச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு.

நாலாவது, வலது முன் சக்கரம் நின்ன தராசு. அக்கா ஏறி ஒரு ஓரமா நின்னாங்க.

எழுபது.

"ஏலே, யார எழுபதுங்குது இது?" அக்கா மூஞ்சி செவந்துருச்சு. "இது பொய்த் தராசு!"

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கக்கா"ன்னேன். தள்ளி நின்னாங்க. அறுபத்தெட்டு. திரும்ப அந்த மூலைக்குப் போனாங்க. எழுபது. அந்த "டொக்" சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சுருச்சு. பலகையில அந்த ஒரு மூலைக்கு அடியில என்னமோ வளைஞ்சு போச்சு. முடிஞ்சுது கதைன்னு தலையில கையை வச்சேன்.

"பாத்தீகளா? பொய்த் தராசு! பொய்த் தராசு!"ன்னு அக்கா கத்திக்கிட்டே இருந்தாங்க.

அப்ப பின்னாடி இருந்து ஒருத்தரு மெதுவா சொன்னாரு. "ஏக்கா, அது கூடத்தான காட்டுது?"

மதில் மேல இருந்த பூனை கூட அசையல. எல்லாரும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டிருந்தாங்க. எங்க கரையில கொறைச்சுக் காட்டுன தராசைப் பாத்திருக்காங்க. நண்டு குடுக்குறவங்களுக்குக் கூட்டிக் காட்டுற தராசை எவரும் பாத்ததில்ல.

அக்கா தராசை விட்டு எறங்குனாங்க. சேலையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. "அந்த மூட்டைய இங்கன கொண்டாங்க"ன்னாங்க.

அரிசி மூட்டையைத் தூக்கி அந்த மூலையில வச்சாங்க. இருபத்தாறு. எறக்கி மறுபடியும் வச்சாங்க. இருபத்தாறு. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அதே மூட்டையை நம்பாதவங்க, இப்ப அதுல சரியா இருபத்தஞ்சு கிலோ இருக்குன்னு சத்தியம் பண்ணுனாங்க.

இந்த நேரத்துல மச்சான் பைக்ல வந்து எறங்குனாரு. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தாரு. கல்யாணச் சாப்பாடு சாப்பிடாம வந்த மூஞ்சி. சண்டைக்குத் தயாரா வந்தவரை பிலோமி அக்கா வாசல்லயே சிரிச்சுக்கிட்டு வரவேத்தாங்க.

"வாங்க ஆரோக்கியம்! உங்க தராச நாங்களே சோதிச்சுப் பாத்துட்டோம். நாலும் தங்கமான தராசு!"

மச்சான் என்னையப் பாத்தாரு. நான் தரையைப் பாத்தேன். அவர் ஒவ்வொரு தராசா ஏறி நின்னு பாத்தாரு. நாலாவதுல ஏறி மூலைக்கு மூலை நகந்தாரு. அவருக்கு வெளங்க ரெண்டு நிமிசம் கூட ஆகல.

"இது கெட்டுப் போச்சு. மதுரையில இருந்து ஆள வரச் சொல்லிச் சரி பண்ணிட்டுத்தான் எடுத்து வைப்பேன்."

"எதுக்குச் சரி பண்ணணும்?" அக்கா குரல் உடனே மாறிருச்சு. "தெருவே கூடி நின்னு எடை போட்ட தராசு. நாளைக்கு இது அங்கன இல்லன்னா, நீங்க என்னமோ பண்ணிட்டீகன்னுதான் நாங்க நெனைக்கணும்."

"அந்த ஒரு மூலை கூடக் காட்டுதுக்கா!"

"எங்களுக்கு அதுல எந்தச் சங்கடமும் இல்ல."

கூட்டம் மொத்தமும் தலையாட்டுச்சு. தராசை வச்சா மச்சானுக்கு நட்டம், எடுத்தா பேரு போச்சு. சாயந்திரம் நாலு தராசையும் கூட்டமே தூக்கி லோடு ஆட்டோவுல ஏத்திவிட்டுச்சு. அந்த நாலாவதை மட்டும் ரெண்டு பேரு மடியில வைக்காத குறையா புடிச்சுக்கிட்டுப் போனாங்க.

மறுநாள் விடிஞ்சதும் கொட்டகைக்குப் போனேன். மூணு தராசு ஈ ஓட்டிக்கிட்டிருந்துச்சு. நாலாவதுக்கு முன்னாடி வரிசை கடற்கரை வரைக்கும் நீண்டு கெடந்துச்சு. ஒவ்வொருத்தரும் கூடையைக் கொண்டு வந்து, பச்சைப் பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி, அந்த ஒரு மூலையில பாத்துப் பாத்து வச்சாங்க. பக்கத்துக் கொட்டகைக்கு வழக்கமா நண்டு போடுறவங்களும் வரிசையில நின்னாங்க. அந்தக் கொட்டகைக்காரரு வாசல்ல தனியா நின்னு வேடிக்கை பாத்தாரு.

வாரக் கடைசியில மச்சான் போன் பண்ணுனாரு.

"மாப்ள, இந்த வாரம் எனக்கு யாவாரம் ரெண்டு மடங்கு."

"சந்தோசம் மச்சான்!"

"இன்னும் ஒரு வாரம் இப்பிடியே நடந்துச்சுன்னா கொட்டகைய மூடிர வேண்டியதுதான்."

போனை வச்சிட்டாரு. நான் போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். அப்பத்தான் பிலோமி அக்கா ஒரு வாளி நிறைய நண்டோட வந்தாங்க. இத்தனை வருசமா எதுத்த வீட்டுல இருக்காங்க, ஒரு நண்டுக் கால் கூடக் குடுத்ததில்ல. வாளியை ஜெசிகிட்டக் குடுத்துட்டு, என் பக்கத்துல வந்து, தெருவுல யாரும் வாராங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, ரகசியமா சொன்னாங்க.

"தம்பி, மிச்சம் மூணு தராசு சும்மாதான கெடக்கு? இந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், அதுக மேலயும் காரை ஒருக்கா ஏத்தி எறக்கிருங்களேன்."